காலைப் பசியும் குன்னூரின் பாடமும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் பெரியோர். உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி என்னும் சித்திரத்தை அதன்மேல் தீட்ட முடியும். இதைப் பல கட்டுரைகளில் நானும் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கு உண்மையாக விளங்கியது சென்ற ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போதுதான்.

அன்று விளையாட்டுத் திடல் முழுவதும் உறைபனி வெள்ளை விரித்திருந்தது. செபம் முடிந்து பள்ளிப் பாடல் தொடங்கியது. என் கண்கள் இருண்டன, காதுகள் அடைத்தன. மீண்டும் கண் விழித்தபோது நோயாளர் அறைக் கட்டிலில் கிடந்தேன். சிஸ்டர் ஒருவர் என் அருகில் வெதுவெதுப்பான பாலுடன் நின்றிருந்தார்.

"ஏம்மா, காலையில் என்ன சாப்பிட்டாய்?"

"டீயும் இரண்டு வர்க்கியும், சிஸ்டர்."

"நேற்று?"

"அதேதான், சிஸ்டர்."

"முந்தாநாள்?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு இரத்தப் பரிசோதனை செய்தபோது, ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டிய எனக்கு 9 கிராம்தான் இருந்தது. உடன் வந்திருந்த அம்மாவையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். அம்மாவுக்கு என்னைவிடவும் குறைவாக இருந்தது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அன்று வரை, காலையில் அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்புத் தோழியரே! "நேரமில்லை" என்பதுதான் நாம் எல்லோரும் சொல்லும் காரணம். நேரம் குறைவுதான், ஆனால் அது தீர்க்க முடியாத குறை அன்று. விரைவாகவும் சத்தாகவும் காலை உணவு ஆக்கும் வழிகளைப் பற்றியும், அந்த அறிவுக்கு நம் மலையே பிறப்பிடமாக இருந்த வியப்பைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

காலை உணவு ஏன் வேண்டும்?

இரவு 8 மணிக்கு உண்டு முடிக்கிறோம். காலையில் தேநீரோடு ஓடி வந்தால், அடுத்த முழு உணவு பகல் 12.45 மணிக்குத்தான். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 17 மணி நேரம்! நாம் உறங்கும்போதும் இதயம் துடிக்கிறது, நுரையீரல் இயங்குகிறது. உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. முதல் பாடவேளையில் கணிதம் புரியவில்லை என்றால், குற்றம் எப்போதும் கணிதத்தின்மேல் இருப்பதில்லை. வெறும் வயிற்றின்மேலும் இருக்கலாம்.

தேநீரும் வர்க்கியும் வயிற்றை நிரப்பவில்லையா என்று கேட்கலாம். நிரப்புகின்றன. ஆனால் வர்க்கி என்பது பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும். அது விரைவில் எரிந்து தீரும் சருகு போன்றது. பருப்பும் முட்டையும் முழுத் தானியமும் மெல்ல எரியும் விறகுக்கட்டை போன்றவை. மதியம் வரை கணப்பு அணையாது. நம் ஊட்டி வர்க்கியை நான் வெறுக்கவில்லை. மாலையில் பள்ளி விட்டு வந்து தின்ன அதைவிடச் சுவையானது எது? காலை உணவின் இடத்தில் அதை வைப்பதுதான் தவறு.

குன்னூரில் பிறந்த அறிவு

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் பாஸ்டர் நிறுவனத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். வெறிநாய்க்கடிக்கு மருந்து காண்பதற்காக 1907 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது அது. அங்கே ஓர் அறையில், 1918 ஆம் ஆண்டில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அயர்லாந்தில் பிறந்து இந்தியாவில் பணியாற்றிய அவர், அரிசி உண்ணும் மக்களை வாட்டிய பெரிபெரி நோயின் காரணத்தை அறிய முற்பட்டார். அந்த ஓர் அறை ஆராய்ச்சி வளர்ந்து, 1920களின் இறுதியில் 'ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்கள்' என்னும் பெயரைப் பெற்றது.

மெக்காரிசன் செய்த சோதனை மிகவும் சுவையானது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியரின் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுதியாக இருந்த சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகள்தாம் எல்லாவற்றிலும் கடைசி! இதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

அடுத்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை மிகுந்த தேநீர், ஜாம், வெந்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, டப்பாவில் அடைத்த இறைச்சி என இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்டதை வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அந்த எலிகள் வளர்ச்சி குன்றின. ஒன்றோடொன்று ஒத்து வாழவில்லை. அறுபது நாள் அளவில் வலிமை குறைந்தவற்றை மற்றவை கொன்று தின்னத் தொடங்கின. வெள்ளை மாவும் இனிப்புத் தேநீரும்! நம்மில் பலருடைய காலை உணவு இதுவே அல்லவா? எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்னும் உண்மையை அந்த எலிகள் நமக்குக் காட்டிவிட்டன.

மெக்காரிசனுக்குப் பின் 1935 இல் வாலஸ் அய்க்ராய்டு என்பவர் இயக்குநரானார். இந்திய உணவுப் பொருள்களில் எதில் எந்தச் சத்து எவ்வளவு உள்ளது என்னும் அட்டவணையை அவர் 1937 இல் வெளியிட்டார். ஆந்திரத்தின் வட கடற்கரைப் பகுதியில் பெரிபெரி மிகுதியாகவும், தமிழர் பகுதியில் அரிதாகவும் இருந்ததற்குக் காரணம் புழுங்கலரிசியே என்பதை அவருடைய குழுவினர் விளக்கினர். நெல்லை உமியோடு ஊறவைத்து வேகவைக்கும்போது, மேல் தவிட்டில் உள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. படிக்காத நம் பாட்டிமார் நெல்லைப் புழுக்கியதில் எவ்வளவு நன்மை அடங்கியிருந்தது, பாருங்கள்!

இந்தக் கூடம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. இந்தியா முழுமைக்கும் எதை உண்ண வேண்டும் என்று எடுத்துரைக்கும் அந்த நிறுவனத்தின் தொட்டில் நம் குன்னூர். தொட்டில் இருந்த ஊரில் வாழும் நாம், வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவது தகுமா?

தேநீரும் இரும்புச் சத்தும்

2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இருவரில் ஒருவருக்கு மேல் என்பது இதன் பொருள். வளரும் பருவம், மாதந்தோறும் ஏற்படும் இரத்த இழப்பு, இரும்புச் சத்துக் குறைந்த உணவு ஆகியவை முக்கியக் காரணங்கள். களைப்பு, தலைசுற்றல், மூச்சு வாங்குதல், பாடத்தில் மனம் செல்லாமை ஆகியவை இதன் அடையாளங்கள். "சோம்பேறிப் பெண்" என்று திட்டு வாங்கும் சிலர் உண்மையில் இரத்தம் குறைந்தவர்களாக இருக்கக்கூடும்.

இங்கேதான் தேநீர் குறுக்கே வருகிறது. தேநீரில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், உணவில் உள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து அதை உடல் ஏற்காதபடி தடுத்துவிடுகிறது. ஆகவே உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரும் காப்பியும் தவிர்க்க வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நூலில் கூறியுள்ளது. இதற்கு நேர்மாறாக, எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி, இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது.

தேயிலை நம் வாழ்வு. அந்த இலைதான் எங்கள் வீட்டில் உலை வைக்கிறது; அதனால்தான் நான் பள்ளிக்கு வருகிறேன். தேநீரைக் குடிக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; சொன்னால் நம் மலையில் யார் கேட்பார்கள்? சோற்றோடும் தோசையோடும் சேர்த்துக் குடிக்காமல், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றே கேட்கிறேன். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும். தேநீரோடு விழுங்கினால் பயன் குறையும். உணவுக்குப் பின் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.

மலையில் சமையல் ஏன் தாமதமாகிறது?

சமவெளியில் இருக்கும் என் சித்தி, "இட்லி ஊற்றினால் பத்து நிமிடம்!" என்பார். நம் மலையிலோ இரண்டு தடைகள் உள்ளன. இரண்டுக்கும் அறிவியல் காரணம் உண்டு. இரண்டையும் வெல்ல வழியும் உண்டு.

முதல் தடை, நீரின் கொதிநிலை. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. ஆகையால் சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இங்கே ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும், பருப்புக்குப் போதிய வெப்பம் கிடைப்பதில்லை. வேக நெடுநேரம் ஆகிறது. இதற்கு மருந்து பிரஷர் குக்கர். மூடிய குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் உயர்ந்துவிடுகிறது. பருப்பையும் பயறையும் முன்னதாகவே ஊறவைத்தால் இன்னும் நேரம் மிச்சமாகும்.

இரண்டாவது தடை, மாவு புளிக்காமை. இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிரிகளுக்கு இதமான சூடு வேண்டும். நம் மலையின் மார்கழி இரவில் அவை போர்வைக்குள் சுருண்ட பிள்ளைகளைப்போல உறங்கிவிடுகின்றன! மாலை 5 மணிக்கே மாவை அரைத்து, அந்தப் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, பழைய கம்பளியால் சுற்றி, அடுப்புக்கு அருகில் வைத்தால் பெரும்பாலும் பொங்கிவிடும். அப்படியும் பொங்காத நாள்கள் உண்டு. ஆகவே பள்ளி நாள்களில் இட்லியை நம்பாமல், புளிக்க வேண்டிய தேவையே இல்லாத உணவுகளை எங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்தோம். இட்லி ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதாயிற்று.

மூன்று கேள்விகள்

உணவைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டில் தானியம் இருக்கிறதா? பருப்பு, பயறு, முட்டை, பால் ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்கிறதா? காயோ கீரையோ கனியோ இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது காலை உணவு. தானியத்தில் குறைவாக உள்ள புரதக் கூறு பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாக உள்ளது தானியத்தில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று நினைவில் வைத்தால் போதும். தேநீரையும் வர்க்கியையும் இந்த மூன்று கேள்விகளின் முன் நிறுத்திப் பாருங்கள். முதல் கேள்வியிலேயே தடுமாறும்!

ஆறு நாள், ஆறு உணவு

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறையில் உள்ள பட்டியல் இது. அளவுகள் ஐந்து பேருக்கு. எதற்கும் காலையில் 20 நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. இரவில் 15 நிமிடம் ஒதுக்குவதே இதன் இரகசியம்.

திங்கள்: கோதுமை ரவைக் கிச்சடி. காரட், பீன்ஸ், பட்டாணி மூன்றும் நம் தோட்டங்களிலேயே விளைபவை. இரவிலேயே நறுக்கி மூடி வைக்க வேண்டும். காலையில் குக்கரில் கடுகு, வெங்காயம், இஞ்சி தாளித்து, காய்களை வதக்கி, வறுத்த கோதுமை ரவை 2 டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளருக்குச் சற்று மேல், தண்ணீர் 6 டம்ளர், உப்பு சேர்த்து மூன்று விசில் விட்டால் முடிந்தது. குக்கர் தானே வேலை செய்யும் நேரத்தில் நாம் தலை பின்னிக்கொள்ளலாம்.

செவ்வாய்: கீரை அடை. புழுங்கலரிசி 2 டம்ளர், துவரை, கடலை, உளுந்து மூன்றும் கலந்து 1 டம்ளர். பள்ளி விட்டு வந்தவுடன் ஊறவைத்து, இரவு படுக்குமுன் மிளகாய், சீரகம், உப்போடு கொரகொரப்பாக அரைத்துவிட வேண்டும். அடை மாவு புளிக்க வேண்டியதில்லை. ஆகையால் பனி நம்மை ஒன்றும் செய்ய முடியாது. காலையில் வெங்காயமும் ஒரு கை கீரையும் கலந்து கல்லில் ஊற்ற வேண்டியதுதான்.

புதன்: ராகிக் கஞ்சியும் முட்டையும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதே அளவு வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஒருவருக்கு 2 மேஜைக்கரண்டி மாவு வீதம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி, 8 நிமிடம் கிண்டி, பாலும் வெல்லமும் சேர்க்க வேண்டும். பக்கத்து அடுப்பில் முட்டை வேகட்டும். மலையில் அதற்கும் சில நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். உடன் ஒரு கொய்யாத் துண்டு. படகர் இல்லங்களில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் முன்னோர் காலத்து உணவு. ராகியும் சாமையும் இம்மலையின் பழைய பயிர்கள். 2023 மே மாதம் தமிழக அரசு, நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களில், ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பழைய உணவு புதிய பெருமையோடு திரும்பி வந்திருக்கிறது.

வியாழன்: எலுமிச்சை அவல். இதுவே எல்லாவற்றிலும் விரைவானது. கெட்டி அவலைக் கழுவி 10 நிமிடம் ஊறவைத்து, நிலக்கடலை, வெங்காயம், பட்டாணி தாளித்துக் கிளற வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். தாமதமாக விழித்த நாளில் நம்மைக் காப்பாற்றும் உணவு இது.

வெள்ளி: பச்சைப்பயறு தோசை. பயறு 2 டம்ளரும் அரிசி ஒரு கைப்பிடியும் இரவில் ஊறவேண்டும். குளிர் மிகுந்தால் வெந்நீர் ஊற்றி ஹாட்கேஸில் மூடி வையுங்கள். காலையில் இஞ்சி, பச்சைமிளகாயோடு மிக்ஸியில் ஐந்து நிமிடம் அரைத்தால் உடனே வார்க்கலாம். தக்காளிச் சட்னியை இரவே அரைத்து வைக்கலாம்.

சனி: தேங்காய் ரொட்டி, சம்பல், பருப்பு. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம் நீலகிரியில் குடியேறின. அவர்களோடு வந்த உணவு இது. மைதாவுக்குப் பதில் கோதுமை மாவில், தேங்காய்த் துருவலும் வெங்காயமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கனமாகத் தட்டிக் கல்லில் சுட வேண்டும். முந்தின இரவு வேகவைத்த பருப்பைத் தாளித்து, நறுக்கிய தக்காளியோடு சேர்த்துக்கொண்டால் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். எஞ்சிய ரொட்டியை இலையில் சுற்றினால் தோட்டத்துக்கும் எடுத்துச் செல்லலாம்.

திருப்பலி நாளில் என்ன செய்வது?

கத்தோலிக்கத் தோழியர் சிலர் முதல் வெள்ளிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு வருகின்றனர். நற்கருணை வாங்குமுன் நள்ளிரவு முதல் எதுவும் உண்ணக்கூடாது என்பது முற்காலத்து ஒழுங்கு. எங்கள் பாட்டி, தம் தாயார் ஒரு மிடறு தண்ணீர்கூட அருந்தாமல் கோயிலுக்கு நடந்ததைச் சொல்வார். ஆனால் திருச்சபையே இதைத் தளர்த்தியுள்ளது. 1964 ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல், நற்கருணை வாங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருந்தால் போதும் என்று ஒழுங்கு செய்தார். தண்ணீரும் மருந்தும் இதற்குத் தடையல்ல. காலை 8 மணித் திருப்பலியில் நற்கருணை வழங்க எட்டரை மணியாகிவிடும். ஆகவே 7 மணிக்கு உண்டு முடித்தவர் எந்த ஒழுங்கையும் மீறியவர் ஆகார். பக்தியின் பெயரால் மயங்கி விழ வேண்டியதில்லை.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்தது

பெருந்தலைவர் காமராசர் 1956 இல் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தார். எம்.ஜி.ஆர். அதை 1982 இல் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். காலைப் பசியின் முறை 2022 செப்டம்பர் 15 அன்று வந்தது. அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டம், முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு உணவு அளித்தது. 2023 ஆகஸ்டு 25 அன்று மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் ஆகியவையே அதன் உணவுகள். கவனித்தீர்களா? இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் காலையில் விரைந்து சமைக்க ஏற்றவை என்று தேர்ந்தெடுக்கப்பட்டவையும், மேலே நான் சொன்ன உணவுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நான்காம் வகுப்பில் படிக்கும் என் தங்கை பள்ளியில் சூடாகக் கிச்சடி உண்ட அதே காலையில், பத்தாம் வகுப்புக்கு வரவிருந்த நான் தேநீரோடு ஓடிக்கொண்டிருந்தேன். பெரிய பிள்ளைகள் தம்மைத் தாமே கவனித்துக்கொள்வர் என்பது உலகத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்ற வேண்டாமா?

அம்மாவின் தட்டு

கடைசியாக ஒன்று. அவசரக் காலைக்கு எளிய சமையல் என்று எழுதுவது எளிது. அந்தச் சமையலைச் செய்பவர் யார்? எங்கள் லைன் வீட்டில் அம்மா நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, அப்பாவுக்கும் எங்களுக்கும் மதியச் சோறு கட்டி, ஏழரை மணிக்குள் மஸ்டருக்கு ஓட வேண்டும். இதற்கு மேலும் ஒரு சமையலை அம்மாவின் தலையில் ஏற்றினால், நான் எழுதிய இந்தக் கட்டுரை அம்மாவுக்கு இன்னொரு சுமையாகத்தான் முடியும்.

ஆகவே வேலையைப் பங்கிட்டோம். இரவில் காய் நறுக்குவதும் ஊறவைப்பதும் அரைப்பதும் என் பொறுப்பு. காலையில் அடுப்பு வேலையை அம்மாவும் நானும் மாறி மாறிச் செய்கிறோம். பாத்திரம் கழுவுவது அண்ணனின் பங்கு; முதலில் முணுமுணுத்தான், இப்போது பழகிவிட்டான். தங்கை தட்டு எடுத்து வைப்பாள். அவள் இப்போது அடம்பிடித்து ஒரு விதி செய்திருக்கிறாள்: ஐந்து தட்டும் ஒன்றாக வைக்க வேண்டும், அம்மா உட்காராமல் யாரும் தொடக்கூடாது. தொடக்கத்தில் அம்மா, "நீங்க சாப்பிடுங்க கண்ணு, எனக்கு அப்புறம்" என்பார். அந்த "அப்புறம்" இத்தனை ஆண்டுகளாக வரவே இல்லை என்பது இரத்தப் பரிசோதனையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரையும் இந்த உணவுமாக ஆறு மாதம் கழித்து மறுபடியும் பரிசோதித்தோம். எனக்கு 11 கிராமுக்கு மேல் ஏறியிருந்தது. அம்மாவுக்கும் ஏறியிருக்கிறது, ஆனால் இன்னும் 12 ஆகவில்லை. தோட்டத்தில் தேநீர் இடைவேளை வரும்வரை தேநீர் குடிப்பதில்லை என்று அம்மாவும் உறுதி எடுத்திருக்கிறார்.

யோவான் எழுதிய நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் ஒரு விடியற்காலை வருகிறது. இரவெல்லாம் கடலில் உழைத்துக் களைத்து வந்த சீடர்களுக்காக, உயிர்த்த ஆண்டவர் கரையில் தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, உண்ண அழைக்கிறார். சாவை வென்று வந்தவர் தம் நண்பர்களுக்குக் காலை உணவு ஆக்குவதைச் சிறிய வேலையாக எண்ணவில்லை. அப்படியிருக்க, நம் வீட்டில் உழைத்துக் களைத்தவர்களுக்காக ஒரு கை பயற்றை இரவில் ஊறவைப்பது நமக்கு எம்மாத்திரம்?

எனவே தோழியரே, இன்றிரவு படுக்குமுன் அடுக்களைக்குச் சென்று ஒரு பாத்திரத்தில் பயறு போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நாளைக் காலை உங்கள் தட்டில் மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கட்டும். உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் தட்டும் இருக்கட்டும்.